எங்கெல்ஸ் பார்க்காத குடும்பம்: வர்ஜீனியத் தோட்ட முதலாளிகளின் உயில்களை முன்வைத்து

குடும்பம் பற்றி நம்மிடையே எப்போது விவாதம் எழுந்தாலும் அது கடைசியில் போய் நிற்கிற இடம் எங்கெல்ஸ். 1884இல் அவர் எழுதிய ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ நூலை முழுக்கப் படித்தவர்கள் எத்தனை பேரோ, அதன் வாய்பாடு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். சொத்து ஆணின் கையில் சேர்ந்தது. தான் பெற்ற பிள்ளைக்கே அதை விட்டுப்போக அவன் விரும்பினான். பிள்ளை தன்னுடையதுதான் என்று உறுதிசெய்யப் பெண்ணை ஒருவனோடு கட்டிப்போட்டான். தாய்வழி வீழ்ந்தது, தந்தைவழி எழுந்தது. ஆகவே குடும்பம் என்பதே ஒடுக்குமுறையின் முதல் கூடாரம், அதைத் தகர்ப்பதே முதல் வேலை என்று நம் தோழர்கள் முடித்துவிடுகிறார்கள்.

இந்த வாய்பாட்டை 17ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம். அது பொய்யாகிவிடவில்லை. பாதியில் நின்றுபோகிறது. அந்த மறுபாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எலிசபெத் கீ என்ற பெண்ணின் வழக்கிலிருந்து தொடங்க வேண்டும். தாய் ஆப்பிரிக்க அடிமை. தந்தை தாமஸ் கீ ஆங்கிலேயர், குடியேற்றச் சட்டசபையின் உறுப்பினர். தன்னை அடிமையாக வைத்திருந்த எஸ்டேட்டுக்கு எதிராக அவள் வழக்காடினாள். வாதம் எளிமையானது. இங்கிலாந்தின் பொதுச்சட்டப்படி பிள்ளையின் நிலை தந்தையின் நிலை, என் தந்தை சுதந்திர மனிதர், நானும் அப்படித்தான். ஞானஸ்நானம் பெற்றவள் என்பதும், குறிப்பிட்ட ஆண்டுகள் மட்டுமே வேலை செய்ய ஒப்படைக்கப்பட்டவள் என்பதும் துணை வாதங்கள். 1656இல் அவள் விடுதலை பெற்றாள்.

தோட்ட முதலாளிகளுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று உடனே புரிந்திருக்க வேண்டும். 1662இல் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. ஆங்கிலேயனுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் பிறக்கும் பிள்ளை அடிமையா, சுதந்திரரா என்று சந்தேகம் எழுந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, பிள்ளையின் நிலை தாயின் நிலையே என்று தீர்த்தது. 1667இல் இன்னொரு சட்டம்: ஞானஸ்நானம் எந்த அடிமையையும் விடுவிக்காது. கீ நுழைந்த வாசல்களில் இரண்டு பதினோரு ஆண்டுகளுக்குள் அடைக்கப்பட்டுவிட்டன.

இதில் நடந்தது என்ன என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வெள்ளைக் குடும்பத்துக்குள் பிள்ளை தந்தையுடையது; பெயரும் நிலமும் அவன் வழியே இறங்கும். அதே தந்தைக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளைக்கு மட்டும் தாய்வழி! எங்கெல்ஸின் கணக்கில் சொத்துக்காகத் தந்தை அறியப்பட்டாக வேண்டும். இங்கே சொத்துக்காகவே தந்தை மறைக்கப்பட்டாக வேண்டும். ஒரே ஆணின் இரண்டு பிள்ளைகள். ஒருவன் சொத்துக்கு வாரிசு, இன்னொருவன் அந்த வாரிசுக்குச் சொத்து. தாய்வழி என்றதும் ஏதோ பழைய பொற்காலத்தின் மிச்சம் என்று நெகிழ்கிற பழக்கம் நமக்கு உண்டு. ‘தாயாதி’ என்ற சொல்லில் நம்ம தாய் இல்லை, உரிமைப் பங்கு என்று பொருள்படும் வடமொழி ‘தாயம்’தான் இருக்கிறது என்பதை இலக்கணம் படித்தவர்கள் அறிவார்கள். வர்ஜீனியாவின் தாய்வழியிலும் தாய்க்கு எந்தப் பங்கும் கிடையாது. அவள் கடத்தித்தரக்கூடிய ஒரே ஆஸ்தி அடிமைத்தனம்.

எங்கெல்ஸுக்கு நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடலாம். கிரேக்கத்தைப் பற்றி எழுதுமிடத்தில், ஒருதார மணத்தின் பக்கத்திலேயே அடிமைப் பெண்கள் இருந்ததால்தான் அது பெண்ணுக்கு மட்டுமான ஒருதாரமாயிற்று என்று அவர் கவனித்திருக்கிறார். கூர்மையான கவனிப்புதான். ஆனால் அந்த அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை எங்கே போயிற்று என்று கேட்காமல் நகர்ந்துவிடுகிறார். இத்தனைக்கும் 1861இல் வியன்னாப் பத்திரிகை ஒன்றில் மார்க்ஸ் எழுதிய உள்நாட்டுப்போர் கட்டுரையில், வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்கள் தெற்கே விற்பதற்காக அடிமைகளை வளர்க்கும் மாநிலங்களாகிவிட்டதைக் குறிப்பிடுகிறார். வளர்ப்பது என்றால் யார் வயிற்றில்? அரசியல் பொருளாதாரமும் குடும்ப வரலாறும் இரண்டு தனித்தனி அலமாரிகளில் இருந்துவிட்டன.

மறுபடி சட்டத்துக்கு வருவோம். 1705இல் வர்ஜீனியா அடிமைகளை அசையாச் சொத்து என்று அறிவித்தது. நடக்கிற, பேசுகிற, தப்பி ஓடுகிற மனிதர்கள் அசையாச் சொத்து! நிலத்தைப்போல அவர்களும் வாரிசுக்கு இறங்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் கடனுக்காக விற்கும்போது மட்டும் அசையும் பொருளாகிவிடுவார்கள். 1727இல், பிரிக்கவோ விற்கவோ முடியாமல் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைக்கப்பட்ட நிலத்தோடு அடிமைகளையும் சேர்த்துக் கட்டிவைக்க வழி செய்தார்கள். எது வாரிசுக்கு வசதியோ அதுவே இலக்கணம்.

உயில்களில் இந்த இலக்கணம் வாக்கியமாகிறது. இன்ன பெண்ணையும் அவளுடைய ‘பெருக்கத்தையும்’ என் மகளுக்குக் கொடுக்கிறேன் என்பது வழக்கமான வாய்பாடு. பெருக்கம் என்றால் அவளுக்கு இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகள். பார்படோஸ், தென் கரோலினா உயில்களை வைத்து ஜெனிஃபர் மார்கன் 2004இல் எழுதிய நூல் இதை விரிவாகக் காட்டியது. கருவே தரிக்காத பிள்ளைக்கு முதலாளி இருக்கிறான், பெயர் இல்லை. நிலம் பெரும்பாலும் மகன்களுக்குப் போனது, மகள்களுக்கு அடிமைகள். அதனால் ஒரு வெள்ளைப் பெண்ணின் கல்யாணம் என்பது பல கறுப்புக் குடும்பங்களின் பிரிவு. சீர்வரிசையோடு ஒரு பத்து வயதுச் சிறுமியும் வண்டியேறுவாள். வெள்ளைப் பெண்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தானே என்கிற சமாதானம் இங்கே அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகாது. கணவனிடம் சொத்துரிமை இழந்த அதே பெண், இன்னொரு பெண்ணின் வயிற்றுக்கு உரிமையாளர்.

ஜான் வேல்ஸ் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1746இல் அவர் மார்த்தா எப்ஸை மணந்தபோது ஒப்பந்தப்படி மனைவியோடு வந்த சொத்தில் ஒரு ஆப்பிரிக்கப் பெண்ணும் அவள் மகள் எலிசபெத் ஹெமிங்ஸும் இருந்தார்கள். மனைவியர் அடுத்தடுத்து இறந்தபின் வேல்ஸுக்கு எலிசபெத்திடம் ஆறு பிள்ளைகள். 1773இல் வேல்ஸ் இறந்தார். சொத்து பிரிந்தது. மூத்த மனைவியின் மகள் மார்த்தாவுக்கும் அவள் கணவர் தாமஸ் ஜெஃபர்சனுக்கும் ஏறத்தாழ 11,000 ஏக்கரும் 135 அடிமைகளும் பெரும் கடனும் வந்தன. அந்த 135 பேரில் மார்த்தாவின் சொந்தத் தந்தைக்குப் பிறந்த தம்பி தங்கைகளும் அடக்கம். கடைக்குட்டி சாலி, அப்போது கைக்குழந்தை. அக்கா தங்கையைச் சுதந்தரித்தாள். இதைச் சொல்ல எந்த மொழியிலும் உறவுமுறைச் சொல் இருக்காது என்று நினைக்கிறேன்.

மார்த்தா 1782இல் இறந்தாள். பிறகு சாலிக்கு ஜெஃபர்சனிடம் பிள்ளைகள் பிறந்தார்கள். நால்வர் வளர்ந்து பெரியவரானார்கள். மகன் மாடிசன் 1873இலேயே இதைச் சொல்லி அச்சிலும் வந்துவிட்டது. நூறாண்டுக்கும் மேலாக வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அதை வதந்தி என்று ஒதுக்கினார்கள். 1997இல் அனெட் கோர்டன்-ரீட் எழுதிய நூல், சாட்சியத்தை எப்படி எடைபோட்டார்கள் என்பதையே குறுக்கு விசாரணை செய்தது. 1998இல் மரபணுச் சோதனை வந்தது, கருத்து மாறியது. எஜமானின் பேரப்பிள்ளைகள் சொன்னது சான்று, அடிமையின் மகன் சொன்னது ஊர்ப்பேச்சு என்ற அளவுகோலும் அந்த எஸ்டேட்டிலிருந்து வந்த வாரிசுச் சொத்துதான்.

1776இல் நிலத்தைத் தலைமுறைக்குக் கட்டிவைக்கும் முறையை ஒழித்த சட்டத்தின் பின்னால் நின்றவர் இதே ஜெஃபர்சன். உயில் இல்லாதபோது மூத்த மகனுக்கே நிலம் என்ற விதியும் 1785இன் சட்டத்தால் போனது. பிரபுத்துவத்தின் வேர் அறுந்தது, பிள்ளைகளுக்குச் சமபங்கு வந்தது என்று பாடநூல்கள் கொண்டாடும். கொண்டாடட்டும். ஆனால் பங்கு சமமாக வேண்டுமானால் சொத்து துண்டாக வேண்டும். பத்து அடிமைகளை ஐந்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கிறவன், யார் யாருக்கு அம்மா என்றா பார்ப்பான்? விலையைக் கூட்டிப் பார்ப்பான். வெள்ளையருக்குள் ஜனநாயகம் பரவப் பரவ அடிமைக் குடிசைகளில் கத்தி இறங்கியது. 1820இல், இறந்துபோன மகளின் கணவருக்கு எழுதிய கடிதத்தில், இரண்டாண்டுக்கு ஒரு பிள்ளை பெறும் பெண் பண்ணையின் சிறந்த ஆணைவிட லாபகரமானவள் என்று ஜெஃபர்சன் கணக்குச் சொல்கிறார். அந்த மருமகனின் பெயர் ஜான் வேல்ஸ் எப்ஸ். பெயரும் சுற்றிச் சுற்றித்தான் வருகிறது.

வாஷிங்டன் கதை வேறு மாதிரி தோன்றும், உள்ளே அதேதான். 1799இல் மவுண்ட் வெர்னனில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் அடிமைகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களே அவருடையவர்கள். 153 பேர் மனைவியின் முதல் கணவர் கஸ்டிஸின் எஸ்டேட்டைச் சேர்ந்தவர்கள். 1757இல் உயில் எழுதாமல் செத்துப்போன அந்த மனிதரின் சொத்தில் விதவைக்கு ஆயுள் பாத்தியதை மட்டும் உண்டு. வாஷிங்டன் உயிலெழுதித் தன் அடிமைகளை விடுவித்தார். கஸ்டிஸ் அடிமைகளைத் தொட அவருக்கு அதிகாரமில்லை. இரு தரப்பும் தங்களுக்குள் மணமுடித்திருந்தார்கள். கணவன் சுதந்திரம், மனைவி கஸ்டிஸ் பேரப்பிள்ளைகளுக்கு. 1796இல் தப்பியோடிய ஓனா ஜட்ஜ் நியூ ஹாம்ப்ஷயரில் மணந்து பெற்ற பிள்ளைகள்கூடச் சட்டப்படி அந்தச் செத்த மனிதரின் எஸ்டேட்டுக்குப் பாத்தியப்பட்டவர்கள்.

இலக்கியம் இதை எப்படி எதிர்கொண்டது? ஃபாக்னரின் ‘கோ டவுன், மோசஸ்’ (1942) நாவலில் ஐக் மெக்காஸ்லின் பழைய கணக்குப் பேரேடுகளைப் படித்து, தாத்தா தன் அடிமைக்குப் பிறந்த தன் மகளிடமே பிள்ளை பெற்றதைக் கண்டுபிடிக்கிறான். பரம்பரைச் சொத்தைத் துறக்கிறான். பெரிய எழுத்து, சந்தேகமில்லை. ஆனாலும் துறப்பதற்கு முதலில் ஏதாவது கிடைத்திருக்க வேண்டுமே. பேரேட்டில் ஒரு வரியாக மூழ்கிச் சாகிற யூனிஸுக்குத் துறக்க என்ன இருந்தது? நாவலின் நெஞ்சு வாரிசின் மனசாட்சியில் துடிக்கிறது. டோனி மாரிசனின் ‘எ மெர்சி’ (2008) 1680களுக்குப் போய் மறுமுனையைப் பிடிக்கிறது. கடனுக்கு ஈடாக ஆளை எடுக்க வந்தவனிடம் ஒரு தாய் தன் மகளைக் கொண்டுபோகச் சொல்கிறாள். கைவிட்டாள் என்றே மகள் கடைசிவரை நினைக்கிறாள். தன் எஜமானைவிட இவன் மேல் என்று கணக்கிட்ட தாயின் குரல் வாசகருக்குத்தான் கேட்கிறது, மகளுக்கு இல்லை. உயில் எழுத முடியாதவளின் உயில் அது. ஃபாக்னரைவிட இதில் அரசியல் தெளிவு கூடுதல் என்பது என் தரப்பு.

குடும்பத்தைத் தகர்ப்போம் என்கிற தோழர்களிடம் இப்போது கேட்கலாம்: யாருடைய குடும்பத்தை? 1971இல் சிறையிலிருந்து எழுதிய கட்டுரையில் ஏஞ்சலா டேவிஸ், அடிமைக் குடிசைக்குள் பெண் செய்த வீட்டுவேலைதான் எஜமான் நேரடியாகப் பறிக்க முடியாத ஒரே உழைப்பு, அதுவே எதிர்ப்பின் விளைநிலம் என்றார். எஜமானின் குடும்பம் சட்டம். அடிமையின் குடும்பம் சட்டவிரோதம். ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டி ஒரே அடியில் வீழ்த்தப் பார்ப்பது கோட்பாட்டுச் சோம்பேறித்தனம்.

1826இல் ஜெஃபர்சன் 1,07,000 டாலருக்கும் மேல் கடனோடு இறந்தார். உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை. எல்லோரும் ஹெமிங்ஸ் குடும்பத்து ஆண்கள். அவர்களில் ஒருவர் கொல்லர் ஜோசஃப் ஃபாஸெட், எலிசபெத் ஹெமிங்ஸின் பேரன். விடுதலை ஓராண்டு கழித்துத்தான். அதற்குள், 1827 ஜனவரியில், மான்டிசெல்லோவில் நடந்த ஏலத்தில் அவருடைய மனைவி எடித்தும் பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1837இல், ஃபாஸெட் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதினார். மனைவியையும் பிள்ளைகள் சிலரையும் பேரப்பிள்ளைகளையும் விடுவிக்கிற பத்திரம். விடுவிக்க வேண்டுமென்றால் முதலில் உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதால், அந்தப் பத்திரத்தில் அவர் தன் மனைவியின் சட்டபூர்வ எஜமான். பதினோரு வயதில் ஏலம்போன மகன் பீட்டரின் பெயர் அதில் இல்லை. அவனை வாங்கியவர் விற்க மறுத்துவிட்டார்.