துருவங்கள் பதினாறும் காண்போர் மெய்ப்பாடும்

ஒரு நாடகத்தையோ திரைப்படத்தையோ நன்று என்றும் தீது என்றும் கூறுவோர் பெரும்பாலும் அதன் கதையையும் நடிப்பையும் பற்றியே பேசுவர். கண்டோர் உள்ளத்தில் நிகழ்ந்தது யாது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. ஆயினும் தமிழில் இவ்வினா புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த இளம்பூரணர், செயிற்றியத்தினின்று எடுத்துக்காட்டும் பகுதியில், நடிப்போன் கொண்ட நிலை காண்போனைச் சென்று எய்துதலே மெய்ப்பாடு எனப்படுகிறது. எய்தவில்லையாயின், நடிப்பு எவ்வளவு சிறந்திருப்பினும் மெய்ப்பாடு இல்லை என்பது இதனாற் பெறப்படும். இக்கருத்தைத் துணையாகக் கொண்டு, கோவை இளைஞர் ஒருவர் சிறு பொருட்செலவில் எடுத்த துப்பறியும் படம் ஒன்றையும் அதனைக் கண்டோர் நிலையையும் ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

‘துருவங்கள் பதினாறு’ 2016ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 29ஆம் நாள் வெளிவந்தது. எழுதி இயக்கிய கார்த்திக் நரேன் அப்பொழுது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். பெரிய படநிறுவனம் எதுவும் பின்னின்றிலது. தந்தையின் பொருளுதவியே முதலாயிற்று. முதன்மைப் பாத்திரமாகிய காவல்துறை அதிகாரி தீபக்காக நடித்த ரகுமானும், சிறு பாத்திரம் ஏற்ற டெல்லி கணேசும் தவிர, நடித்தோருள் பலர் மக்கள் அதுவரை அறியாதவர். சுஜித் சாரங்கின் ஒளிப்பதிவும், ஸ்ரீஜித் சாரங்கின் படத்தொகுப்பும், ஜேக்ஸ் பிஜாயின் பின்னணி இசையும் படத்தைத் தாங்கின. ஒன்றே முக்கால் மணி நேரமே ஓடும் இப்படத்தில் பாட்டுக்காகக் கதை நிற்கும் இடமும் இல்லை. கதையொடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதியும் இல்லை. பணியினின்று நீங்கிய அதிகாரி, சில ஆண்டுகளுக்கு முன் கோவையில் தாம் ஆராய்ந்த வழக்கொன்றைத் தம்மை நாடிவந்த இளைஞன் ஒருவனுக்குக் கூறுவதாகக் கதை அமைகிறது. ஓர் இரவின் நிகழ்ச்சிகள் ஒருவர் பார்வையினின்று மற்றொருவர் பார்வைக்கு மாறி மாறி வருகின்றன. முடிவை இக்கட்டுரை கூறாது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இத்தகைய தயக்கம் பொருந்துமோ என ஐயுறுவார்க்கு, படம் கண்ட பொதுமக்களே அம்முடிவைப் பிறர்க்குக் கூறாது காத்தனர் என்பதையே விடையாகத் தருவேன்.

அவ்வாறு காத்தமை சிறு செய்தியன்று. தொடக்கத்தில் படத்துக்கு அரங்குகள் மிகுதியாகக் கிடைக்கவில்லை. கண்டோர் சொல்லே பிறரை அழைத்துவந்தது. “போய்ப் பாருங்கள், ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள்” என்பதே அச்சொல்லின் வடிவம். பரப்பவும் வேண்டும், மறைக்கவும் வேண்டும் என்னும் இவ்விரு கடமைகளையும் எவரும் விதியாமலே காண்போர் மேற்கொண்டனர். நான் கோவையில் படம் கண்ட அரங்கில், முதல் அரைமணிக்குள் பேச்சொலி அடங்கிற்று. கைத்தட்டலும் சீழ்க்கையும் இல்லை. இறுதியில் விளக்கு எரிந்த பின்னரும் பலர் உடனே எழவில்லை, அருகிருந்தோரிடம், “அப்படியானால் அந்தக் காலையில் வந்தவன் யார்?” என்பது போன்ற வினாக்களைத் தாழ்ந்த குரலிற் கேட்டுக் கொண்டிருந்தனர்.

இதனைக் கண்டு, தமிழ் மக்களின் சுவை இப்பொழுதுதான் முதிர்ந்தது எனச் சிலர் எழுதினர். அவர்கள் காட்டும் சான்று ‘அந்த நாள்’. 1954ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட அப்படத்தில் பாட்டு இல்லை, ஆடல் இல்லை, சண்டை இல்லை. கதையின் தொடக்கத்திலேயே நாயகன் சுடப்பட்டு இறக்கிறான். அறிஞர் போற்றினர், அரங்குகளிலோ வரவேற்பு இல்லை. அன்று பொறாத மக்கள் இன்று பொறுத்தனர். ஆகவே முதிர்ந்தனர் என்பது இவர்தம் முடிபு.

இம்முடிபு எனக்கு உடன்பாடன்று. அதே 1954இல், கோவைப் பட்சிராசா படநிலையத்தில், எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ‘மலைக்கள்ள’னை எடுத்தார். கதை நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையுடையது. அதுவும் ஒளிந்திருப்பவன் யார் என்னும் மறைபொருளை வைத்து இயங்குவதே. மக்கள் அதனைப் பெருவெற்றி ஆக்கினர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அதற்கே கிடைத்தது. அதே விருது வரிசையில் ‘அந்த நாள்’ தகுதிச் சான்று பெற்றது. ஆகவே மறைபொருட் கதையை மக்கள் வெறுத்தனர் எனல் பொருந்தாது. மலைக்கள்ளனில் எம். ஜி. இராமச்சந்திரன் எவ்வேடத்தில் வரினும் காண்போர் அவரை அறிந்துகொள்வர். அறியாது மயங்குவோர் கதையில் உள்ளோரே. பிறர் அறியாததைத் தாம் அறிந்திருத்தலால் வரும் இன்பம் அது. ‘அந்த நா’ளில் காண்போர்க்கு அவ்வுயர்நிலை இல்லை; துப்பறிவோர் அறிந்த அளவே அவரும் அறிவர்.

கதை கேட்கும் நம் மரபு பெரிதும் முன்னதைச் சார்ந்தது. வழக்குரை காதையில் சிலம்பின் பரல் முத்தோ மணியோ என்பதே வழக்கின் சான்று. ஆயின் கோவலன் கள்வன் அல்லன் என்பதை நாம் முன்னரே அறிவோம். பாண்டியன் ஒருவனே அறியான். கொங்கு நாட்டில் உடுக்கை அடித்து இரவு பல பாடப்பெறும் அண்ணன்மார் சுவாமி கதையும் இத்தகையதே. 1965இல் காங்கேயம் பகுதியில் பிரெண்டா பெக் அம்மையார் அக்கதையைப் பதிவு செய்தார். பொன்னரும் சங்கரும் மாள்வர் என்பதை அறியாதவர் அங்கே ஒருவரும் இரார். அறிந்தே அமர்ந்திருந்து, அவ்விடம் வருங்கால் கலங்குவர். சிலர் ஆவேசமும் கொள்வர். முடிவு தெரிந்திருத்தல் அங்கே சுவைக்குத் தடையன்று, அடித்தளம்.

எனவே ‘துருவங்கள் பதினாறு’ செய்தது கடினமான செயல். காண்போரை உயர்நிலையினின்று இறக்கி, ‘அந்த நாள்’ நிறுத்திய இடத்துக்கும் கீழே நிறுத்தியது. இங்கே கதை கூறுபவர் தாம் அறிந்தவற்றை எல்லாம் கூறவில்லை. துப்பறிபவரை நம்பி உடன்செல்லும் நாம், அவர் அறிந்த அளவுகூட அறியாதவராய் இறுதி வரை இருக்கிறோம். இங்ஙனம் இறக்கப்பட்டவர் சினவாது மகிழ்ந்தது ஏன் என்பதே ஆராய்தற்குரியது.

இத்தகைய படங்களை அச்சச் சுவைக்கு உரியனவாகக் கருதுதல் வழக்கம். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அச்சத்தின் நிலைக்களங்களாகத் தொல்காப்பியம் கூறும். இப்படத்திற் கள்வர் உளர். இறையின் இடத்திற் காவல்துறையும் உண்டு. ஆனால் நான் கண்ட அரங்கில் அஞ்சினார் எவரும் இலர். எய்தியது மருட்கை, அஃதாவது வியப்பு. அதற்கு நிலைக்களம் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு. பெருமை என்பது அளவிற் பெரியதைக் கண்டு வியத்தல். பல கோடி செலவிட்டுக் கோட்டையும் கடலும் படையும் காட்டும் படங்கள் இதனையே நம்பி நிற்கின்றன. பொருளில்லாதவனுக்கு அவ்வாயில் அடைபட்டது. ஆக்கம் என்பது ஒன்று பிறிதொன்றாய்த் திரிதல். சிறுமை என்பதை ஈண்டு இழிவு எனக் கொள்ளற்க. மிக நுண்ணியது கண்ட வியப்பு அது.

‘துருவங்கள் பதினாறு’ இவ்விரண்டினாலேயே வாழ்கிறது. ஒருவரை ஒருவராக எண்ணியிருந்தோம்; அவர் பிறிதொருவராகிறார். இது ஆக்கம். ஒரு நேரக் குறிப்பு, ஒரு வண்டி, பேச்சிடையே நழுவிய ஒரு சொல் இவற்றின் மேல் வழக்கு முழுதும் நிற்கிறது. இது சிறுமை. பொருட் குறைவு இங்கே குறையாக நில்லாது முறையாக மாறிற்று. பெரிதாகக் காட்ட இயலாதபோது நுணுகிக் காட்டினர். நுணுகிக் காட்டியதனால் காண்போர் நுணுகிக் கண்டனர். அரங்கின் அமைதிக்குக் காரணம் இதுவே. கூர்ந்து நோக்கத் தக்கவர் என மதிக்கப்பட்டதை மக்கள் உணர்ந்தனர்; தாழ்ந்த இடத்தில் நிறுத்தப்பட்டும் அவர் சினவாமைக்கு அம்மதிப்பே காரணம் என்பது என் கருத்து.

முறை கூறியவர்களும் இருந்தனர். முதுகலை மாணவர் சிலர், கதை கூறுபவர் மறைத்ததை நாம் எங்ஙனம் அறிதல் கூடும், இது போட்டியன்று ஏமாற்று என்றனர். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்னும் பழமொழியை ஒருவர் எடுத்துரைத்து, தீர விசாரித்தற்கும் இடம் வேண்டுமே என்று கேட்டது தக்க கேள்வி. இதற்கு விடை இரண்டாம் முறை காண்டலில் உள்ளது. புதுமை மறுமுறை நில்லாது. ஆக்கமும் பெரும்பாலும் நில்லாது. நிற்பது சிறுமையே. நான் மறுமுறை கண்டபோது, முதலிற் பொருளற்றனவாகத் தோன்றிய சில பார்வைகளும் தயக்கங்களும் பொருள் பெற்றன. அவ்வளவில் படம் நேர்மையானது. முடிவு தெரிந்து காண்பவன் அண்ணன்மார் கதை கேட்பவனோடு ஒருவாறு ஒப்பாகிறான். ஆயின் அவன் போலக் கலங்குவதில்லை. மாந்தர் வழக்கின் உறுப்புகளாக அமைந்தனரேயன்றி, நாம் இரங்குதற்கு உரியவராக முழுமை பெறவில்லை. பெண் பாத்திரங்கள் இக்குறைக்குப் பெரிதும் ஆளாயின. அழுகை என்னும் மெய்ப்பாடு எழவேண்டிய இடங்களில் எல்லாம் கணக்கு ஒன்று தீர்ந்த நிறைவே எழுகிறது.

இனி, கோவையார் இப்படத்தை ‘நம்மூர்ப் படம்’ என உரிமை பாராட்டியது பற்றிக் கூறவேண்டும். இவ்வுரிமைக்கு வரலாறு உண்டு. ஊர் ஊராகப் படக்காட்சி நடத்திய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் வெரைட்டி ஹால் அரங்கை நிறுவியது இந்நகரில்தான். பின்னர்ப் பெரிய படநிலையங்கள் இங்கே இயங்கின. அவை மறைந்தபின், கொங்கு நாடு திரைப்படத்துக்குப் பெரும்பாலும் ஒரு பின்னணியாகவே பயன்பட்டது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பும் வாய்க்காலும் எந்த ஊராகவும் காட்டப்பட்டன. கொங்குப் பேச்சோ நகைப்புக்கு உரியதாயிற்று. ‘ஏனுங்க’ என்றால் அரங்கு சிரிக்கும் என்பது எழுதப்படாத விதி. இந்நிலையில், கோவை என்று பெயர் சொல்லி, அதனை ஒரு நகரமாக, அறிவுடையார் வாழும் இடமாகக் காட்டிய படத்தைக் கண்டு இவ்வூரார் மகிழ்ந்தது இயல்பே. அம்மகிழ்ச்சியை நானும் பங்கிட்டுக் கொண்டேன்.

ஆயினும் அரங்கைவிட்டு வெளிவருங்கால் முதியவர் ஒருவர் கூறியது இன்னும் என் செவியில் உள்ளது. “படம் நல்லாத்தானுங்க இருக்குது. நம்மூருக் கதைங்கறாங்க, ஒருத்தருங்கூட நம்மூரு மாதிரிப் பேசலீங்களே.” திறனாய்வாளர் பலர் கூறாததை அவர் கூறினார். படத்திற் கொங்கு வழக்கு செவிப்படுதல் அரிது. காவலரும் இளைஞரும் அடுக்ககத்தில் வாழ்வோரும் எந்நகரத்துக்கும் பொதுவான, ஆங்கிலம் விரவிய தமிழையே பேசுகின்றனர். முதற்பொருளாக ஊர்ப்பெயர் உளது, கருப்பொருள் இலது. கதையைத் திருச்சிக்கோ பெங்களூருக்கோ மாற்றினும் ஒன்றும் குறையாது.

நகைப்புக்கு அஞ்சி வழக்கைத் துறந்தனர் என்பார்க்கு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மா’ளைக் காட்டுவேன். 1942இல் வெளிவந்த அந்நாவலும் ஒரு கொலையிற் சென்று முடிவதே. கைம்பெண் ஒருத்தி நிலத்திற் பங்கு கேட்கிறாள். அதனின்று பகை வளர்கிறது. இறுதியில் அவள் கொழுந்தன் சின்னப்பன் கொல்லப்படுகிறான். கொன்றவன் யார் என்னும் மறைப்பு அங்கே இல்லை. கொங்குப் பேச்சு அங்கே எவரையும் நகைக்கச் செய்வதில்லை. யார் யாரிடம் எவ்வளவு மரியாதை வைத்தனர், எப்பொழுது அதனை விலக்கினர் என்பதை அப்பேச்சே காட்டிவிடுகிறது. ஒருவன் பேச்சில் ‘ங்க’ நின்றுபோன இடம், பகை தொடங்கிய இடம். துப்பறிபவனுக்கு இதனினும் நுண்ணிய தடயம் வேறு யாது வேண்டும்? நேரக் குறிப்பிலும் வண்டியிலும் சிறுமையைத் தேடிக் கண்ட இப்படம், தன் ஊரார் வாய்ச்சொல்லில் அது கிடப்பதைக் காணவில்லை. அம்முதியவர் கேட்டதும் இதனைத்தான்.