ஆசிரியனின் மரணமும் தாளக்காரனின் கூலியும்

1969 நவம்பர் 20. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் கிங் ரெக்கார்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் பிரவுனின் குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. பாட்டு என்று சொல்வதுகூடச் சரியில்லை. 7 நிமிஷம் ஓடும் ஒரே தாளக்கட்டு, அதன்மேல் சாக்ஸபோன், ஆர்கன், நடுநடுவே பிரவுனின் குரல். 5 நிமிஷம் தாண்டியதும் அவர் மற்றவர்களை நிறுத்தச் சொல்கிறார். டிரம்ஸ்காரரிடம், வித்தை எதுவும் காட்டவேண்டாம், இப்போது அடித்துக்கொண்டிருப்பதையே அடி என்கிறார். சுமார் 20 விநாடி, டிரம்ஸ் மட்டும். பிரவுனுக்கு அது பிடித்துப்போய் அங்கேயே, பாட்டுக்குள்ளேயே, பாட்டுக்குப் பெயரும் வைத்துவிடுகிறார்: 'ஃபங்கி டிரம்மர்'. 1970இல் இசைத்தட்டு வெளிவந்தது. டிரம்மர் என்ற சொல் தலைப்பில் இருக்கிறது. க்ளைட் ஸ்டப்பில்ஃபீல்ட் என்ற பெயர் இல்லை. இயற்றியவர் ஜேம்ஸ் பிரவுன்.

பின்னாளில் அந்த 20 விநாடியை வெட்டியெடுத்து, வளையமாகச் சுற்றவிட்டு, அதன்மேல் கட்டப்பட்ட பாட்டுகள் ஆயிரத்தைத் தாண்டும் என்கிறார்கள். பப்ளிக் எனிமியின் 1989ஆம் வருஷத்துப் போர்ப்பாட்டு 'ஃபைட் தி பவர்' அவற்றில் ஒன்று. சாம்பிளிங் என்று இதற்குப் பெயர். 'மாதிரி எடுத்தல்' என்று தமிழாக்கினால் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற மாதிரி இருக்கிறது. சாம்பிளிங் என்றே இருக்கட்டும்.

நம் சிறுபத்திரிகைச் சூழலில் இதைப் பேச ஒரு தயாரான மொழி இருக்கிறது. ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். எந்தப் பிரதியும் முந்தைய பிரதிகளின் நெசவு, மூலம் என்று ஒன்றில்லை, வாசிப்பவனே உற்பத்தியாளன். சாம்பிளிங்கை இந்தச் சட்டகத்துக்குள் வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது. பழைய இசைத்தட்டை வெட்டி ஒட்டும் பையன்தான் உன்னத வாசகன், அவன் படுக்கையறைதான் பிரதியின் விளையாட்டுக்களம். நானும் ஒரு காலத்தில் நண்பர்களிடம் இப்படித்தான் அளந்துகொண்டிருந்தேன். இது பொய்யில்லை. ஆனால் இந்தப் பேச்சில் ஒரு ஆள் காணாமல் போகிறான். செத்தவன் ஆசிரியன், சரி. அடித்தவன் எங்கே?

விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறை. சிண்டி கேம்பெல் என்ற பெண் பள்ளி திறக்குமுன் நடத்திய விருந்து. இசைத்தட்டு போட்டவர் ஜமைக்காவிலிருந்து வந்த அவள் அண்ணன் கிளைவ், பட்டப்பெயர் கூல் ஹெர்க். விரைவுச்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டுச் சிதைந்துபோன பகுதி அது. ஹெர்க் கவனித்தது ஒன்றே: ஆடுகிறவர்கள் பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. பாட்டு நின்று, பாடகர் வாய்மூடி, டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில விநாடிகளுக்காகக் காத்திருந்தார்கள். அதுதான் பிரேக். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடையில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் தொடங்கி, சில விநாடிகளைப் பல நிமிஷமாக நீட்டினார்.

இதை நான் விமர்சனச் செயல் என்றே சொல்வேன். பாட்டின் மையம் பாடகர், விளிம்பு பக்கவாத்தியம் என்று இசைத்தட்டு வகுத்து வைத்ததை ஆடுகிற கால்கள் திருப்பிப்போட்டன. நம் கச்சேரித் தனி ஆவர்த்தனத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. தனியில் வித்வான் தன் கணக்கைக் காட்டுகிறார், சபை தலையாட்டுகிறது. பிரேக்கில் யாரும் எதையும் காட்டுவதில்லை. மேலே இருந்த சுமை விலகியதும் அதுவரை தாங்கிக்கொண்டிருந்த தோள் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதே ஹெர்க் இன்னொன்றும் செய்தார். போட்டியாளர்கள் பார்த்துவிடக்கூடாது என்று இசைத்தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்தார். தொழில் ரகசியம். குறை சொல்ல என்ன இருக்கிறது? லேபிளிலும் டிரம்ஸ்காரன் பெயர் இருந்ததில்லை. பாடகர், இயற்றியவர், கம்பெனி. ஏற்கெனவே இல்லாத பெயரின்மேல் இன்னொரு அழிப்பு.

இரண்டு சுழல்மேடை வாங்க முடியாத வீடுகளில் வேறு வழி இருந்தது. கேசட் ரெக்கார்டரின் பாஸ் பொத்தான். பிரேக்கைப் பதிவுசெய்து, முடியும் இடத்தில் பொத்தானை அழுத்தி, முள்ளை மறுபடி பின்னால் வைத்து, சரியான அடியில் பொத்தானை விடவேண்டும். இப்படியே நூறு தடவை. விரல் இம்மி பிந்தினால் தாளம் நொண்டும், அழித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து. சமையலறையிலும் படுக்கையறையிலும் நடந்த இந்த உழைப்பைச் 'சும்மா காப்பியடிப்பது' என்று சொன்னவர்கள் ஒரு தடவை செய்து பார்த்திருக்கமாட்டார்கள்.

பிறகு இயந்திரம். 1987இல் வந்த எஸ்பி-1200இன் மொத்த நினைவகமே 10 விநாடி ஒலி. ஏழைத்தந்திரம் பிறந்தது. 33 வேகத்தில் ஓடவேண்டிய தட்டை 45இல் ஓட்டிப் பதிந்தால் 10 விநாடிக்குள் பதின்மூன்று விநாடிக்கு மேல் அடங்கும். பின் உள்ளேயே வேகத்தைக் குறைத்து இறக்கிக்கொள்ளலாம். இறக்கும்போது ஒலி சொரசொரப்பாகிறது. அந்தச் சொரசொரப்பே பின்னால் அழகியல் ஆயிற்று. தொண்ணூறுகளின் ஹிப்ஹாப் ஒலியைப் பற்றி எழுதுகிறவர்கள் 'அழுக்கான ஒலி' என்று பரவசப்படுவார்கள். இடப்பற்றாக்குறையின் அழகியல் அது.

ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு நானும் ஒரு பழைய பிரேக்கை வெட்டிச் சுற்றவிட்டுப் பார்த்தேன். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது, எந்த இரண்டு அடியும் சம இடைவெளியில் இல்லை. ஸ்நேர் கொஞ்சம் பிந்துகிறது, ஹை-ஹாட் முந்துகிறது, நடுவில் காதுக்கு எட்டியும் எட்டாத செல்லத்தட்டுகள். கணினியிடம் சொன்னால் எல்லாவற்றையும் கோட்டில் நிறுத்தித்தரும். நிறுத்தினால் உயிர் போய்விடுகிறது. ஆக வளையத்தில் சுற்றுவது 'தாளம்' என்ற பொதுச்சொத்து அல்ல. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட மணிக்கட்டின் சாய்வு. தாளம் எல்லோருக்கும் பொது என்றால் எவனையாவது கூப்பிட்டு அடிக்கச் சொல்லியிருக்கலாமே, ஏன் இந்தத் தட்டையே தேடி அலைந்தார்கள்?

சட்டம் என்ன செய்தது? 1991 டிசம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. எடுத்தது டிரம்ஸ் இல்லை, கில்பர்ட் ஓ'சல்லிவனின் 1972ஆம் வருஷப் பாட்டின் பியானோ. நீதிபதி 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கி, குற்றவழக்குத் தொடர்வது பற்றிப் பரிசீலிக்கவும் பரிந்துரைத்தார். 2005இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒலிப்பதிவிலிருந்து எவ்வளவு சிறிய துண்டானாலும் உரிமம் வேண்டும் என்றது; அங்கே சண்டை 2 விநாடி கிதாருக்கு. டி லா சோலின் 1989ஆம் வருஷ முதல் ஆல்பம், சாம்பிள் உரிமைச் சிக்கலில் மாட்டி, 2023இல்தான் இணைய இசைச்சேவைகளுக்கு வந்தது. பத்துத் துண்டுகளை ஒட்டிப் பாட்டுக் கட்டும் வழி வீட்டுப்பையனுக்கு அடைபட்டது. காசுள்ளவன் ஒரு பெரிய துண்டை விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

சரி, அந்தக் காசு யாருக்குப் போச்சு? ஒலிப்பதிவின் உரிமை கம்பெனிக்கு. பாட்டின் உரிமை இயற்றியவருக்கு. மெட்டும் வரியும்தான் இயற்றல், தாளக்கட்டு இயற்றலில் சேராது என்பது வழக்கம். எழுதப்படுவது படைப்பு, அடிக்கப்படுவது வேலை என்ற பழைய பாகுபாடுதான், வேறென்ன? டிரம்ஸ்காரனுக்கு அன்றைய கூலி கொடுத்தாயிற்று. பார்த் கொன்ற ஆசிரியன் பத்திரத்தில் சௌக்கியமாக உயிரோடு இருக்கிறான், பல நேரம் கம்பெனி என்ற பெயரில். 1986இல் ஜேம்ஸ் பிரவுனின் தொகுப்பு ஆல்பத்தில் 'ஃபங்கி டிரம்மர்' பிரேக்கைக் கம்பெனியே வளையமாக்கிச் சேர்த்தது. அதுவும் பிரவுன் பெயரில்.

'ஏமன், பிரதர்' கதை இதைவிடக் கசப்பானது. 1969இல் வின்ஸ்டன்ஸ் குழு, தங்கள் வெற்றிப்பாட்டுத் தட்டின் மறுபக்கத்தை நிரப்பப் போட்டது. அதில் கிரிகரி கோல்மன் அடித்த 4 பார், 7 விநாடிக்கும் குறைவு. 1986இல் டி.ஜே.க்களுக்கான தொகுப்புத் தட்டில் சேர்ந்தது. தொண்ணூறுகளில் பிரிட்டனின் ஜங்கிள் இசை என்ற ஒரு வகைமையே அந்த 7 விநாடியைத் துண்டுதுண்டாக்கி, வேகமேற்றிக் கட்டப்பட்டது. கோல்மன் 2006இல் அட்லாண்டாவில் வீடற்றவராக இறந்தார். 2015இல் பிரிட்டனில் ஒரு டி.ஜே. மனசாட்சியோடு நன்கொடை திரட்டினார், சுமார் 24,000 பவுண்ட். அது போய்ச்சேர்ந்தது உரிமை வைத்திருந்த குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்ஸருக்கு. அவருக்கும் அதுவரை சாம்பிளிங்கில் ஒன்றும் கிடைத்ததில்லை, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடித்த கை செத்து 9 வருஷம் ஆகியிருந்தது.

'அப்போ சாம்பிளிங் சுரண்டல்தானா?' என்று கேட்பார்கள். இல்லை. வீட்டில் உட்கார்ந்து வெட்டியவர்கள்தான் அந்தக் கையைக் கேட்டவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஸ்டப்பில்ஃபீல்டை இன்று யாருக்குத் தெரியும்? பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 1991க்குப் பிறகு எதிலிருந்து எடுத்தேன் என்று உறையில் எழுதுவது வக்கீலுக்குச் சாட்சியம் எழுதிக்கொடுப்பதாயிற்று. நன்றி சொல்லத் துணிந்தவன் மாட்டிக்கொள்வான். அதனால் அடையாளம் தெரியாமல் நறுக்கினார்கள், பெயரைப் புதைத்தார்கள். கம்பெனி முதலிலேயே போடவில்லை, டி.ஜே. போட்டியாளனுக்கு மறைத்தார், வீட்டுப்பையன் சட்டத்துக்கு மறைக்கிறான். நம் கோட்பாட்டாளர்களோ பெயரே ஒரு மாயை என்கிறார்கள். பெயர் ஒரு மாயை என்று சொல்லும் கட்டுரையின் கீழே தன் பெயரைப் போடாதவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஸ்டப்பில்ஃபீல்ட் தன்னை மூலகர்த்தா என்று கொண்டாடிக்கொண்டவரும் இல்லை. 1943இல் சாட்டனூகாவில் பிறந்தவர். சுற்றிலும் கேட்ட தொழிற்சாலை, ரயில் சத்தங்களிலிருந்து தன் தாளம் வந்ததாகச் சொன்னவர். அவர் கையும் ஒருவகையில் சாம்பிள் எடுத்ததுதான். பிரதிகளின் நெசவு என்று பார்த் சொன்னது அங்கேயும் செல்லும். ஆனால் நெசவு என்றால் நெசவாளிக்குக் கூலி உண்டு. தன் தாளத்தை எடுத்தவர்கள் காசும் தரவில்லை, பெயரும் போடவில்லை என்று பேட்டிகளில் அவர் சொல்லிவந்தார். அமெரிக்காவின் மாடிசன் நகரில் சிறு மேடைகளில் பல வருஷம் வாசித்து, 2017இல் இறந்தார். 1997இல் ஒரு ஆல்பம் வெளியிட்டார், இம்முறை சொந்தப் பெயரில். தலைப்பு: 'ஃபங்கி டிரம்மரின் பழிவாங்கல்'.