தண்டவாளமும் தமிழ்ப் புனைகதையும்

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் கடற்கரையை ஒட்டி, மணிக்கூண்டுடன் கூடிய பெருங்கட்டடம் ஒன்று நிற்கிறது. 1907இல் எழுந்த அது இரயில்வேக்கென்றே கட்டப்பட்டது. ஆயினும் அங்கே தண்டவாளம் இருந்ததே இல்லை. பயணச்சீட்டை அங்கே வாங்கியவர், படகேறிக் கடலைக் கடந்து, பிறையில்தான் வண்டியேறினார். நம் புனைகதையில் இரயில் இடம்பெறும் விதத்தை எண்ணும்போதெல்லாம் இக்கட்டடம் நினைவுக்கு வருகிறது. சீட்டு உண்டு, பயணம் உண்டு, பாதையைக் காத்த கைகளைத்தான் காணோம்.

அக்கைகள் உழைத்த இடம் அக்கரையில் இருக்கிறது. பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் இடையே, இருப்புப் பாதையோரம் அமைந்த சிற்றூர் புக்கிட் தெங்கா. மலாயாவின் முதல் இருப்புப் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. 1903இல் பிறையும் சிரம்பானும் ஒரே பாதையால் இணைந்தன. அந்நாளில் நிலைய அதிபர், எழுத்தர் பதவிகளில் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் அமர்ந்தனர். ஜல்லி கொட்டி, கட்டை மாற்றி, பாதையைப் பேணிய கேங் வேலையில் தமிழகத்துத் தமிழர் நிறைந்திருந்தனர். மொழி ஒன்று, நிலை வேறு. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன களம் வேண்டும்?

தொழிலைப் பாடுவது நமக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் உப்பு வண்டியைச் சக்கரம் முதல் கூரைவரை ஓர் உறுப்பும் விடாமல் காட்டுகிறார்; குழந்தையுடைய பெண் எருதுகளை ஓட்டிச் செல்வதையும் காட்டுகிறார். அவரே பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் இறங்கும் பண்டமும் ஏறும் பண்டமும் புலி இலச்சினை பெற்று மலையெனக் குவிவதைப் பாடுகிறார். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியில் மாற்றச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கத்தை எடுத்து, ஓர் அரசிளங்குமரனின் பெருமைக்கு உவமையாக்குகிறார். வண்டியோட்டியின் முன்யோசனை மன்னர் குடிக்கு உவமையாகத் தகும் என்று கருதிய மரபு நம்முடையது.

அம்மரபின் வழிவந்தோர் இரயிலை எவ்வாறு எழுதினர்? தமிழ்ச் சிறுகதையில் இரயில் பெரும்பாலும் இருவர் சந்திக்கும் பெட்டி. அல்லது ஒருவரை ஒருவர் பிரியும் நிலையம். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) நம்மைச் செகந்திராபாத்தின் இரயில்வேக் குடியிருப்புக்குள் அழைத்துச் செல்கிறது. ஆனால் அது ஓர் இளைஞனின் கண்ணால் ஒரு நகரத்தின் கொந்தளிப்பைக் காட்டுவது. வேலைத்தளம் அதன் நோக்கமன்று.

மலேசியத் தமிழ் இலக்கியத்தில் இரயிலின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருபவை சயாம்–பர்மா மரண இரயிலைப் பற்றியவை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரு நாவல்களும் செய்த பணி பெரிது. 1942–43இல் சப்பானியர் ஏறத்தாழ 415 கிலோமீட்டர்ப் பாதையைக் காட்டை வெட்டி அமைத்தபோது, தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். உலகம் போர்க்கைதிகளின் துயரை நெடுங்காலம் பேசியது. தோட்டத்து மக்களின் துயரையோ மறந்திருந்தது. அம்மறதியை உடைத்தவை இத்தகைய நூல்கள். அவற்றில் வேலை என்பது வதையாகவே வருகிறது. அது உண்மை, வேறுவிதமாக எழுதியிருந்தால்தான் பொய்யாகியிருக்கும்.

குறை அந்நாவல்களில் இல்லை. நாம் அவற்றோடு நின்றுவிட்டதில் இருக்கிறது. தண்டவாளம் என்றாலே சாவு என்று படித்து வளரும் மாணவன், தன் பாட்டனைச் சாகக்கூடிய உடலாக மட்டுமே அறிவான். தொழிலறிந்த கையாக அறிய மாட்டான். துயரத்தை மட்டும் நினைவில் வைக்கும் சமூகம் தன் திறமையை மறந்துவிடும். இது இலக்கியக் குறை மட்டுமன்று; வாழ்வின் குறை.

அத்திறமை எத்தகையது? மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஒலி தெளிவாக வந்தால் நலம், மங்கினால் விரிசல் என்று தீர்மானிப்பது ஒருவன் வேலை. மீட்டர் அகலப் பாதையில் எந்தக் கட்டைக்கு அடியில் ஜல்லி தளர்ந்திருக்கிறது என்று நடந்தே அறிவது கேங் ஆளின் வேலை. ஒற்றைப் பாதையில், நிலைய அதிபர் கொடுக்கும் டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை அடுத்த பகுதிக்குள் செலுத்தலாகாது. ஒரு சிறு பொருளை நம்பி இத்தனை உயிர்கள்! யார்டில் இரவில் விளக்கசைத்து, பெட்டிகளைக் கோத்துப் பிரித்தவனுக்கு ஒரு கணத் தவறு கையையோ காலையோ பறித்துவிடும்.

இவையெல்லாம் தொழில்நுட்பம், இதில் கதை எங்கே என்று சிலர் கேட்கலாம். நாட்கூலியை மாதச் சம்பளமாக மாற்றக் கோரி மலாயா இரயில்வேத் தொழிலாளர் 1962 இறுதியில் வேலைநிறுத்தம் செய்தனர். மாதச் சம்பளம் என்பது பணம் மட்டுமா? மழை நாளில் அடுப்பெரியும் என்ற உறுதி அது. மகனின் பள்ளிக் கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்டலாம் என்ற நம்பிக்கை அது. அந்நாள்களில் குடியிருப்பில் என்ன சமைத்தார்கள், யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், அதிபர் வீட்டுக் கதவு கேங் குடும்பத்துக்குத் திறந்ததா என்பவை கதையல்லாமல் வேறென்ன?

1967இல் முனையம் பிறையிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மாறியது. 2014இல் வடக்கே இரட்டைப் பாதையும் மின்சாரமும் வந்தன. புக்கிட் தெங்கா வழியே மின்தொடர்கள் விரைகின்றன. கைகாட்டி மரமும் டோக்கனும் போய்விட்டன. அவற்றைப் பற்றிப் பேசிய தமிழும் அவற்றோடு போகிறது. ஆயினும் அச்சொற்களை அறிந்த முதியோர் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றனர்.

தமிழாசிரியர்கள் அடுத்த கட்டுரைப் பயிற்சிக்கு 'என் இரயில் பயணம்' என்ற தலைப்பைக் கொடுக்குமுன் சற்றே நிற்கட்டும். 'என் தாத்தா செய்த வேலை' என்று கொடுக்கட்டும். அவ்வேலையின் கருவி ஒவ்வொன்றுக்கும் வீட்டில் வழங்கிய பெயரை மாணவன் கேட்டு எழுதி வரட்டும். எழுதப்படாத அந்நாவலின் முதல் பக்கம் அக்குறிப்பேடுகளில் ஒன்றில்கூடத் தொடங்கலாம்.