இறங்கும் நாற்காலிக்குப் புது உருளை

காலையில் வேலையைத் தொடங்கும்போது மேசைக்குச் சரியாக இருக்கும் முழங்கை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மேசை விளிம்புக்குக் கீழே போய்விடுகிறது. லீவரைத் தூக்கி இருக்கையை உயர்த்தினால் கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு பழையபடி இறங்குகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வீடே அலுவலகமானபோது அவசரமாக வாங்கிய சுழல் நாற்காலிகளில் பல இப்போது இந்த வயதை எட்டியிருக்கின்றன. மெத்தை நன்றாக இருக்கிறது, முதுகுச் சாய்வு உடையவில்லை, சக்கரங்கள் ஓடுகின்றன. ஒரே ஒரு பாகம் தேய்ந்ததற்காக முழு நாற்காலியும் மொட்டை மாடிக்குப் போகிறது, அல்லது காயலான் கடைக்கு. அந்த ஒரு பாகத்தை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்று சென்னை கோட்டூர்புரத்து அடுக்ககம் ஒன்றில் பார்த்தார்கள். முடிகிறது. செலவு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான்.

நாற்காலி பழுது பார்ப்பவர்கள் அந்தப் பாகத்தை ‘ஹைட்ராலிக்’ என்றே கேட்பார்கள், கடையிலும் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். உள்ளே வேலை செய்வது எண்ணெய் அல்ல, நைட்ரஜன் வாயு. வெளியே தெரியும் கறுப்பு இரும்புக் குழாய் ஐந்து கால் பேஸில் செருகி நிற்கிறது. அதற்குள் வழுக்கி ஏறி இறங்கும் இன்னொரு குழாயில்தான் வாயு அடைபட்டிருக்கிறது. அதன் அடியிலிருந்து வரும் பிஸ்டன் தண்டு, வெளிக்குழாயின் அடிப்பகுதியில் ஒரு பேரிங்கின் மேல் நிற்கிறது. நாம் உயரம் மாற்றும்போது தண்டு அசைவதில்லை, குழாய்தான் இருக்கையோடு சேர்ந்து நகர்கிறது.

உச்சியில் ஒரு சிறு பொத்தான். லீவர் அதை அழுத்தினால் வால்வு திறந்து, பிஸ்டனுக்கு இருபுறமும் உள்ள அறைகளுக்கு இடையே வாயு போய்வருகிறது. ஆள் உட்கார்ந்திருந்தால் எடை வெல்லும், இருக்கை இறங்கும். எழுந்து நின்றால் வாயு வெல்லும், இருக்கை ஏறும். லீவரை விட்டதும் வால்வு மூடி, நின்ற இடத்தில் நிற்கும். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரைச் சேர்ந்த ஸ்டாபிலஸ் நிறுவனம் 1960களில் இப்படிப்பட்ட வாயு ஸ்பிரிங்குகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் இருக்கையைத் திருகித்தான் உயர்த்த வேண்டும். கண் மருத்துவரின் அறையிலும் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் அந்தத் திருகு ஸ்டூல்களை இன்றும் பார்க்கலாம். அவற்றில் ரப்பர் சீல் கிடையாது, அதனால் இந்த நோயும் கிடையாது.

வாயு உருளையில் தேய்வது அந்த ரப்பர் சீல்கள்தான். எது தேய்ந்தது என்பதை உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாம். ஆள் இருக்கும்போது மெல்ல இறங்கி, எழுந்தபின் லீவரை இழுத்தால் முழு உயரத்துக்கு வருகிறதென்றால் வாயு இன்னும் இருக்கிறது, உள்ளே ஓர் அறையிலிருந்து மற்றதற்குக் கசிகிறது. ஆளே இல்லாதபோதும் ஏறவில்லை என்றால் வாயு வெளியே போய்விட்டது. இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் இல்லை. ஆலையில் அழுத்தி மூடிய உருளையைத் திறக்கவோ மறுபடி வாயு நிரப்பவோ வழி கிடையாது.

ஆனால் மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இருக்கைக்கு அடியில் உள்ள மெக்கானிசத்தில் லீவர் வளைந்தோ சிக்கிக்கொண்டோ பொத்தானை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருந்தால், நல்ல உருளையும் இறங்கும். லீவரைத் தொட்டால் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் அதைச் சரிசெய்தாலே போதும். இதைப் பார்க்காமல் புது உருளை வாங்குவது பணத்தை வீணாக்குவது.

வாங்கும்போது நிம்மதி தரும் விஷயம், பெரும்பாலான நாற்காலிகளில் உருளையின் குறுக்களவு ஒன்றுதான். பேஸில் செருகும் வெளிக்குழாய் 50 மில்லிமீட்டர், மெக்கானிசத்தில் செருகும் மேல்முனை 28 மில்லிமீட்டர். நாற்காலி எந்த ஊரில் செய்ததானாலும், பெயர் தெரியாத கம்பெனியுடையதானாலும் பெரும்பாலும் பொருந்தும். சில வெளிநாட்டு நாற்காலிகள் மட்டும் விலக்கு, அதனால் அளந்துவிட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது கிளாஸ். டிஐஎன் 4550 என்ற ஜெர்மன் தரத்தை ஒட்டி கிளாஸ் 2, 3, 4 என்று விற்கிறார்கள். எண் கூடக்கூடக் குழாயின் இரும்பு தடிமனாகும், தாங்கும் சுமையும் கூடும். உயரத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். தினமும் முழு வேலை நேரமும் உட்காரும் நாற்காலி என்றால் நான்கைத்தான் வாங்க வேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. உருளையின் மேல் எஸ்ஜிஎஸ் என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒரு பரிசோதனை நிறுவனத்தின் பெயர். ஸ்டிக்கர் ஒட்டுவது யாருக்கும் எளிது. இரும்பில் பொறித்த கிளாஸ் எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது நீளத்தில். ஒரு நாற்காலியின் உயர எல்லையைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த உருளைதான். இருக்கை எவ்வளவு ஏறி இறங்கும் என்பது அதன் ஓட்டத்தைப் பொறுத்தது. சாதாரணமாக 100 மில்லிமீட்டர் இருக்கும், அதற்குக் குறைவாகவும் கூடுதலாகவும் கிடைக்கிறது. எவ்வளவு தாழ்வாக வரும் என்பதை வெளிக்குழாயின் நீளம் சொல்லிவிடும். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. கடையில் விற்கும் நாற்காலிகள் பலவற்றில், கடைசி மட்டத்துக்கு இறக்கினாலும் இவர்களுடைய பாதம் தரையில் முழுதாகப் பதியாது. தொடையின் அடியில் இருக்கை விளிம்பு அழுத்தும், மாலைக்குள் கால் மரத்துப்போகும். கீழே ஒரு மணையை வைத்துச் சமாளிக்கிறவர்கள் எத்தனையோ பேர். நாற்காலி கெட்டுப்போன இந்தச் சமயத்தில் குட்டையான உருளையை வாங்கிப் போட்டால், வாங்கிய நாள் முதல் இருந்த அந்தத் தொல்லையும் சேர்ந்து தீரும். கோட்டூர்புரத்தில் செய்த மாற்றத்தில் மிகப் பெரிய ஆதாயம் இதுதான். நாற்காலி நிலையாக நின்றது ஒரு பக்கம், அதில் உட்காருகிறவரின் குதிகால் முதன்முறையாகத் தரையைத் தொட்டது இன்னொரு பக்கம்.

இணையத்தில் விற்பவர்கள் பலர் இந்த நீளத்தைச் சொல்வதே இல்லை. ‘எல்லா நாற்காலிக்கும் பொருந்தும்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். முழுதாக இறங்கியபோது எவ்வளவு, முழுதாக ஏறியபோது எவ்வளவு என்று இரண்டு எண்களும் போடாதவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

கழற்றுவதுதான் கடினமான பகுதி. உருளையைப் பிடித்து நிறுத்த ஒரு திருகும் இல்லை, ஒரு போல்ட்டும் இல்லை. இரண்டு முனைகளும் மிக லேசாகக் கூம்பியிருக்கும். உட்காருகிறவரின் எடை அவற்றை ஆப்பு போல இறுக்கிவிடும். லேத்தில் டிரில் சக் நிற்பதும் இதே முறையில்தான், 1958 முதல் இயங்கும் கிண்டி தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறைக்காரரும் இதைச் செய்து காட்டுவார். நாற்காலியில் ஆண்டுக்கணக்காக ஆள் உட்கார்ந்து இறுக்கிய ஆப்பு இது. போதாததற்கு அடையாற்றங்கரை ஈரமும் கடற்காற்றும் சேர்ந்து அந்த இடுக்கில் துருவை ஏற்றிவிடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளம் புகுந்த தரைத்தள வீடுகளில் அப்போது நனைந்து, துடைத்து வைத்த பழைய நாற்காலி ஏதேனும் இருந்தால், அதைக் கழற்ற இன்னும் பொறுமை வேண்டும்.

முந்தின இரவே இரண்டு இணைப்புகளிலும் துரு விடுவிக்கும் ஸ்பிரேயை அடித்து ஊறவிட வேண்டும். மறுநாள் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டால் பேஸின் நடுவில் உருளையின் அடிப்பாகம் தெரியும். சுத்தியலால் அடிக்க வேண்டியது அதன் சுற்று விளிம்பில். நடுவில் உள்ள கிளிப்பிலும் வாஷரிலும் அடி விழக்கூடாது. விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டினால் பேஸ் தானாக விடும். நைலான் பேஸ் என்றால் கால்களில் அடி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விரிசல் விட்டால் அதையும் மாற்ற வேண்டி வரும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் மதியத் தூக்க நேரத்தில் இதைத் தொடங்க வேண்டாம், சத்தம் மூன்று மாடிக்குக் கேட்கும்.

மெக்கானிசத்திலிருந்து பிடுங்கச் சுத்தியல் உதவாது. இங்கே பைப் ரெஞ்ச்தான் வேண்டும், அதுவும் கைப்பிடி நீளமானது. பிளம்பரிடம் கேட்டு வாங்கலாம். சொந்தமாக வேண்டுமென்றால் பறக்கும் ரயிலில் கடற்கரை நிலையம் போய் இறங்கினால் லிங்கிச் செட்டித் தெருவில் எல்லா அளவிலும் இருக்கிறது. உருளையை மெக்கானிசத்துக்கு ஒட்டினாற்போலக் கவ்விப் பிடித்து, ஒருவர் இருக்கையை அழுத்திக்கொள்ள, இன்னொருவர் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். முதலில் அசையவே அசையாது. ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் துரு விட்டுவிட்டது என்று பொருள். அதன்பின் திருப்பிக்கொண்டே இழுத்தால் கையோடு வந்துவிடும். ரெஞ்சின் பல் பழைய குழாயில் வடு போடும், அது போகப்போகிற பொருள்தானே. இரண்டு ஆள் இல்லாமல் இந்தக் கட்டத்தைத் தொடங்கவே கூடாது.

பொருத்துவதற்கு ஆகும் நேரம் சொற்பம். மெக்கானிசத்தின் துளையிலும் பேஸின் துளையிலும் உள்ள துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைக்க வேண்டும். கிரீஸ் தடவக்கூடாது, தடவினால் ஆப்பு பிடிக்காது. புது உருளையின் உச்சிப் பொத்தானில் பயணத்துக்காக ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால் அதைக் கழற்ற மறக்கக்கூடாது. அதோடு பொருத்தினால் லீவர் சரியாக வேலை செய்யாது. பேஸில் உருளையை நிறுத்தி, மேலே இருக்கையை வைத்து, அழுந்த உட்கார்ந்தால் முடிந்தது.

மாற்றிய நாற்காலியை அளந்தும் பார்த்தார்கள். காலையில் இருக்கையின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு, மாலையில் ஒப்பிட்டபோது குறி அப்படியே இருந்தது. பழைய உருளையில் இருந்த பக்கவாட்டு ஆட்டமும் குறைந்திருந்தது. புது கிளாஸ் 4 உருளை ஏறும்போது பழையதைவிட வேகமாக ஏறுகிறது. எடை குறைந்தவர்கள் இருக்கையை இறக்க, லீவரைப் பிடித்தபடி கொஞ்சம் அழுந்த உட்கார வேண்டியிருக்கிறது. குறை என்று சொல்ல அது ஒன்றுதான்.

சிலர் உருளையை மாற்றாமல், வெளியே தெரியும் உள்குழாயில் ஹோஸ் கிளாம்ப் மாட்டியோ, பிளந்த பிவிசி குழாயைச் செருகியோ இருக்கையை ஒரே உயரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் நாற்காலிக்கு, புது உருளை வந்து சேரும்வரை இது போதும். ஒரே நாற்காலியில் பகலில் அம்மாவும் இரவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையும் உட்காரும் வீட்டுக்கு இது உதவாது.

புது நாற்காலியே வாங்குகிறவர்கள், வேலை நாற்காலிகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் வெளியிட்ட ஐஎஸ் 17631 தரத்தைக் கேட்டு வாங்கலாம். கையில் இருப்பதன் சட்டமும் மெத்தையும் திடமாக இருந்தால் அந்தச் செலவே தேவையில்லை. கிளாஸ் 4, சரியான நீளம், ஒரு பைப் ரெஞ்ச், துணைக்கு ஓர் ஆள் இருந்தால் அரை நாள் வேலை.

கழற்றிய பழைய உருளையைப் பற்றி ஒரு வேண்டுகோள். இறங்கிப்போன உருளையிலும் வாயு மிச்சம் இருக்கும், அதன் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு. சீனாவில் நாற்காலி உருளை வெடித்து உயிர் போனதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. அதைத் துளையிடவோ, அறுக்கவோ, சூடாக்கவோ வேண்டாம். பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம் பேசாமல் தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். காயலான் கடையில் கேஸ் கட்டரை வைத்து வெட்டப்போகிறவர் வேறு யாரோ ஒருவர். உள்ளே அழுத்த வாயு இருக்கிறது, வெட்டக்கூடாது என்று உருளையின் மேலேயே மார்க்கரால் தமிழில் எழுதி, வாயாலும் சொல்லிக் கொடுங்கள்.