பானெட்டைத் திறக்காத நாவல்கள்

நம் நாவல்களில் கார் வருவது உண்டு. பணக்காரர் வாசலில் நிற்கும். கதை நகராதபோது கதாநாயகன் மேல் மோதும். அதன் பானெட்டைத் திறந்து காட்டிய நாவலை நான் படித்ததில்லை.

இத்தனைக்கும் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949-லேயே ஆஸ்டின் கார்களைப் பூட்டி அனுப்பியது. 1956-இல் திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு புல்லட் வந்தது. அதற்கும் அப்பால் சோழவரத்தில், யுத்தகால விமானத் தளத்தில், 1950-களிலிருந்து 1980-கள் வரை கார்ப் பந்தயம் நடந்தது. சீமைப் பந்தயக் காருக்கு வழியில்லாதவர்கள் சாதாரண ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து, மாற்றி, ஓட்டிவந்தார்கள்.

அந்தப் பொழுதுபோக்கில் எழுத்தாளனுக்கு ஒரு பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சிலிண்டர் ஹெட்டைச் சற்றுச் சீவினால் உள்ளே அழுத்தம் கூடும், வேகம் வரும். ஆனால் மட்டமான பெட்ரோலுக்கு எஞ்சின் தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். பிரேக்கையும் பலப்படுத்தியாக வேண்டும். ஒன்றைத் தொட்டவன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நாமோ நடுவில் கதாநாயகனுக்கு ஒரு லட்சியத்தை ஏற்றிவிடுகிறோம். அவன் சம்பளத்தையும் பெண்டாட்டியையும் பழையபடியே விட்டுவிடுகிறோம். சோழவரத்தில் அப்படிச் செய்தவர் முதல் வளைவிலேயே மண்ணில் இறங்கியிருப்பார். நம் வாசகர் தாட்சண்யக்காரர்; அடுத்த அத்தியாயத்தைப் புரட்டுகிறார்.