மறைந்தவரின் தாளம்

பக்கவாத்தியம் வேறு, இணையர் இசை வேறு. பக்கவாத்தியக்காரர் பாடகரைப் பின்தொடர்கிறார். இணையர் இசையிலோ யார் யாரைப் பின்தொடர்கிறார் என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போக வேண்டும். அத்தகைய இணையருள் ஒருவர் இறந்தபின் மற்றவர், மறைந்தவரின் தாளத்தோடு மேடையேறினால் அதை நினைவு என்பதா, நிழல் என்பதா? 'சில்வர் ஆப்பிள்ஸ்' என்னும் அமெரிக்க இசைக் குழுவைக் கேட்டபோது எழுந்த வினா இது.

1967இல் நியூயார்க்கில் ஒரு சாதாரண ராக் குழுவில் பாடிக்கொண்டிருந்த சிமியன் காக்ஸ், பழைய ஆசிலேட்டர் ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்தார். ஆய்வுக்கூடங்களில் மின்னலைகளை எழுப்பும் கருவி அது. அதன் ஊளையைப் பொறுக்க மாட்டாமல் மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகினர். எஞ்சியவர் டிரம்ஸ் வாசித்த டேனி டெய்லர் ஒருவரே. பின்னர் சிமியன் ஒன்பது ஆசிலேட்டர்களையும் 86 கட்டுப்பாடுகளையும் அடுக்கி, கை, முழங்கை, கால் அனைத்தாலும் இயக்கினார். பியானோவில் உள்ளதுபோன்ற சுரக் கட்டைகள் அதில் இல்லை. நம் தம்புராவைப் போல ஒரே சுருதியில் நின்று முழங்குவதே அதன் இயல்பு. அந்த முழக்கத்துக்கு மூச்சைத் தந்தது டேனியின் தாளம். 1968இலும் 1969இலும் வந்த அவர்களுடைய இரு இசைத்தட்டுகளைக் கேட்பவர் இதை எளிதில் உணர்வர்.

இரண்டாம் தட்டின் உறைப்படம் காரணமாக பான் ஆம் விமான நிறுவனம் வழக்குத் தொடுத்ததும், அதன் பின் குழு சிதறியதும் தனிக்கதை. 1990களில் இருவரும் மீண்டும் இணைந்தனர். 1998இல் ஒரு வாகன விபத்தில் சிமியனின் கழுத்தெலும்பு முறிந்தது. 2005இல் டேனி காலமானார். அதன்பின் சிமியன், டேனியின் பழைய பதிவுகளிலிருந்து தாளங்களை எடுத்துக் கருவியில் சேமித்து, அவற்றோடு தனியே மேடையேறலானார்.

சைக்கடெலிக் ராக் என்று மேலைநாட்டார் அழைக்கும் இவ்வகை இசையின்மீது எனக்கு ஐயம் உண்டு, இன்றும் உண்டு. போதைப் பழக்கத்தின் நிழலில் வளர்ந்த அது, தன்னை மறப்பதையே தியானம் என்று எண்ணவைக்கும். தியானத்தில் மனிதன் கரைவதில்லை, விழிக்கிறான். சில்வர் ஆப்பிள்ஸ் அந்தக் குற்றச்சாட்டுக்கு முழுதும் ஆளாகாததற்குக் காரணம் டேனியே. மின்னொலி கேட்பவரை மேலே இழுக்க, தாளம் அவரைத் தரையில் நிறுத்துகிறது.

2010களில், அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு நடுத்தர நகரத்து அரங்கில் சிமியனின் நிகழ்ச்சியைக் கண்டேன். பெரிய கூட்டமில்லை, வந்தவர் பெரும்பாலும் இளைஞர். மேடையில் ஒரு மேசை, கருவிகள், எழுபதைக் கடந்த ஒரு மனிதர். பின்னால் டிரம்ஸ் இல்லை. தாளம் மட்டும் இருந்தது. அந்தத் தாளத்தில் முதுமையே இல்லை. முதியவரின் குரல் நடுங்கியது. காயம்பட்ட உடலின் கைகள் சில இடங்களில் சற்றே பிந்தின. உயிரோடிருக்கும் தோழர் எனில் அரைக்கணம் காத்திருப்பார். பதிவு காத்திருக்கவில்லை. இணையராக இருந்தவர் அவ்வேளைகளில் பக்கவாத்தியக்காரர் ஆகிவிட்டார். அதுவும் தம் தோழரின் இளமைக்கு. அன்றைய நிகழ்ச்சியின் குறை இதுவே. அதன் உருக்கமும் இதுவே என்பதை மறுக்க மாட்டேன்.

'நினைவாக' என்னும் சொல்லைத் திருப்பலிப் பீடத்தில் நாள்தோறும் உச்சரிப்பவனுக்கு இது சிறிய செய்தியன்று. விவிலியத்தில் நினைவு என்பது நடந்து முடிந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதன்று. நினைக்கப்படுபவரே இன்று நம்மிடையே செயலாற்றுகிறார் என்பதே திருச்சபையின் விசுவாசம். நம் பாட்டிமார் 'சமுதீதப் பிரயோசனம்' என்று கடினமாக ஓதிய புனிதர்களின் உறவொன்றிப்பும் இருபுறமும் ஓடும் உறவு. பதிவோ ஒருபுறம் மட்டுமே ஓடும். இதைச் சொல்லி சிமியனைக் குறைகூற நான் விரும்பவில்லை. அவர் அருளடையாளம் நிறைவேற்ற வரவில்லை. வேறொரு டிரம்ஸ் கலைஞரை அமர்த்தியிருந்தால் இசை இன்னும் உயிர்ப்போடு இருந்திருக்கும். அந்த இருக்கையை அவர் நிரப்பாமல் விட்டது, கலைக் கணக்கில் இழப்பாயினும், நட்புக் கணக்கில் நேர்மை.

(நம் பங்குகளில் கீபோர்டின் பொத்தானை அழுத்தினால் ஓடும் தாளத்துக்கு அந்த நேர்மையும் இல்லை. அங்கே மறைந்தவர் எவருமில்லை. தபேலா வாசிக்கத் தெரிந்த இளைஞர் கீழே கைகட்டி அமர்ந்திருக்கிறார்.)

அன்று என் அருகில் நின்ற இளைஞர், ஒலித்தது இயந்திரத் தாளம் என்றே எண்ணியிருந்தார். அது டேனி டெய்லர் என்பவரின் கைகள், அவர் இறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர் ஆடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினார். பெயர் சொல்லப்படும்வரை அந்தத் தாளம் வெறும் ஒலியாகவே அவருக்கு இருந்திருக்கிறது. இறந்தோருக்கான திருப்பலியில் பெயரைத் தவறாமல் சொல்லும்படி குடும்பத்தார் ஏன் அத்துணை வற்புறுத்துகின்றனர் என்பது எனக்கு அன்று இன்னும் நன்கு விளங்கிற்று.

சிமியன் 2020 செப்டம்பர் 8ஆம் நாள் தம் 82ஆம் வயதில் காலமானார். இப்போது இருவருமே பதிவில்தான். கேட்க விரும்புவோருக்கு 1998இல் வெளிவந்த 'தி கார்டன்' என்னும் தட்டைப் பரிந்துரைப்பேன். அதிலுள்ள சில பகுதிகள், டேனி 1960களில் பயிற்சியின்போது தனியே வாசித்த தாளங்களின்மீது சிமியன் 1990களில் மின்னொலி சேர்த்தவை. ஒரே பாட்டுக்குள் முப்பது ஆண்டு இடைவெளி. ஆயினும் அதைச் செய்தபோது இருவரும் உயிரோடிருந்தனர். அந்த மகிழ்ச்சி சிமியனின் கைகளில் கேட்கிறது.