கூடையும் கடிதமும்

ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களில் பெண்ணின் கையிலே அடிக்கடி ஒரு கடிதத்தைக் காண்கிறோம். 1806-இல் மறைந்த உத்தமாரோ தீட்டிய பெண்ணொருத்தி, தாளை முகத்தருகே பிடித்து ஒருமனமாய் வாசிக்கிறாள். 1840-களில் ஹனசாட்டோ வரைந்த பள்ளிக்கூடப் படமொன்றில் ஓர் ஆசிரியை சிறுமியருக்கு எழுத்துக் கற்பிக்கிறாள்.

இவற்றை வெறுமனே புகழ்ந்துவிடலாகாது. கடிதம் ஏந்திய அழகியர் பலர் எடோ நகரத்துப் பரத்தையர் சேரியிலே விலைப்பட்டவர்கள். வாடிக்கைக்காரரைப் பிடித்து வைத்திருக்க எழுத்தும் அவர்களுக்கு ஒரு தொழிற்கருவி. ஆயினும் அப்படங்களை வாங்கிய நகரத்து வணிகனுக்கும் கைவினைஞனுக்கும், வாசிக்கும் பெண் வியப்புக்குரியவள் அல்லள்.

நம் மலையகப் பெண்ணையுந்தான் உலகமெங்கும் படமாக்கினார்கள். லிப்டன் விளம்பரத்திலும், கொழும்புப் புகைப்பட நிலையங்கள் அச்சிட்ட தபால் அட்டைகளிலும் அவள் கூடையோடு நிற்கிறாள். அந்தக் கூடை பொய்யன்று. அவளுக்கு மறுக்கப்பட்ட எழுத்தை, அவள் இயல்பிலேயே இல்லாத ஒன்றாகக் காட்டியதுதான் பொய். தேநீர் பருகும் சீமைக்காரனுக்கு அவள் விரல் தேவை. அவள் கையெழுத்து எதற்கு?

தோட்டத் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தருவதைத் துரைமாரின் கடமையாக்கிச் சட்டம் வந்தது 1907-இல். பத்து வயதுக்குப் பின்? மலையிலே வேலை, அல்லது லயத்திலே தம்பி தங்கையைப் பார்க்கும் வேலை. 1945-இன் இலவசக் கல்வியும் தோட்டத்து எல்லையிலே தயங்கி நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970-களிலேதான். அதுவரை எத்தனை தாய்மார் கைநாட்டு வைத்துக் காசு வாங்கியிருப்பர்!

இதே மலைகளில் வேறொரு பெண்ணும் நடந்தாள். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாடற்பிரசுரத்தை 1940-இல் வெளியிட்டார். கூட்டங்களிலே தாமே பாடினார். வாசிக்கத் தெரியாதவளுக்கும் அந்த அச்செழுத்து காதுவழியே சென்றது. விளம்பரக்காரன் இக்காட்சியைத் தீட்டமாட்டான், அதில் வியப்பில்லை.

வியப்பு நம்மவர் மீதுதான். நான் கண்ட மலையக விழா மலர்களின் அட்டைகளில் இன்றும் அதே கூடை, அதே புன்னகை! உழைப்பைப் போற்றுகிறோம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அட்டைப்பெட்டிக்காரனும் அதைத்தானே சொன்னான்? தவணைதோறும் பிள்ளையின் தேர்ச்சியறிக்கையை வரி வரியாய்ப் பார்த்துக் கையொப்பமிடும் தாய்மார் எங்கள் பள்ளி விறாந்தையிலே நிற்கிறார்கள். சிலர் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வருகிறார்கள். ஓவியர்கள் வந்து பார்க்கலாம்.